தாளடிச் சேறும் கேஜ் வீலும்

ரெண்டு மாசமா எதுவும் எழுத முடியல. குறுவை அறுப்பு, நடுவுல மழை, ஈர நெல்லைக் காயப்போட்டு அள்ளுறதுன்னு நாள் ஓடிடுச்சு. இப்போ தாளடிக்குச் சேறடிக்கணும். டிராக்டரோட கேஜ் வீல் ரெண்டும் வெல்டிங் பட்டறையில கிடக்கு. அது வர்ற வரைக்கும் கையில கொஞ்சம் நேரம் இருக்கு, அதைப் பத்தியே எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

போன தை மாசம் கனடாவுல இருக்கிற அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அவன் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சின்ன டிராக்டர் வச்சு வாசல்ல விழுந்த பனியைத் தள்ளிக்கிட்டிருக்கார். நம்ம மினி டிராக்டர் அளவுதான். பின் சக்கரம் ரெண்டுலயும் இரும்புச் சங்கிலி சுத்தியிருக்கு. என் வீட்டுக்காரி பார்த்துட்டு, "டயருக்குக் கொலுசு போட்ட மாதிரில்ல இருக்கு"ன்னு சிரிச்சா. "மாமா, இதை நம்ம ஊர் சேத்துக்குப் போட்டா என்ன?"ன்னு பையன் கேட்டான். நல்ல கேள்விதான். அன்னைக்கு போன்ல அரைகுறையா பதில் சொன்னேன். இங்க முழுசாச் சொல்றேன்.

பனியில பிரச்சினை என்னன்னா, அடியில தரை கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. மேல இருக்கிற ஐஸ்தான் வழுக்குது. டயர் சுத்தும், வண்டி நகராது. அதைக் குத்திப் பிடிக்க ஏதாவது கூரா இருந்தாப் போதும். சங்கிலி அந்த வேலையைச் செய்யுது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி மறுபடியும் இழுத்துக் கட்டணுமாம், இல்லேன்னா தளர்ந்து மட்கார்டுல அடிக்குமாம். பின் சக்கரத்துக்கு மட்டும் போட்டிருந்தா சரிவுல முன் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும், ஸ்டியரிங் கேட்காதுன்னும் சொன்னான்.

நம்ம வயல்ல கதை வேற. இங்க மேல சேறு, அதுக்குக் கீழதான் தரை. டயருக்குச் சங்கிலி கட்டினா ரெண்டு சுத்துல சங்கிலியே தெரியாது. களிமண் அப்பி, டயரே பெரிய கொழுக்கட்டை மாதிரி வழவழன்னு ஆயிடும். சங்கிலியோட சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது சேத்துக்குள்ள இறங்கி, மிதிச்சு, மிதிச்ச சேத்தை வெளியே உதறிட்டு வர்ற சக்கரம். அதுதான் கேஜ் வீல்.

ஐப்பசி கார்த்திகையில தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வந்தவங்க பார்த்திருப்பீங்க. ரோட்டோர வெல்டிங் பட்டறை வாசல்ல ராட்டினக் கூடு மாதிரி பெரிய இரும்பு வளையம் சாய்ச்சு வச்சிருப்பாங்க. வளையத்தைச் சுத்தி ஆங்கிள் பட்டை வரிசையா வெல்டு பண்ணியிருக்கும். ஒரு தடவை சென்னையிலிருந்து வந்த ஒரு நண்பர் அதைப் பார்த்துட்டு, கோயில் தேருக்குச் செய்றாங்களான்னு கேட்டார்.

இதுல ரெண்டு வகை. ரப்பர் டயரைக் கழட்டிட்டு அந்த இடத்துல முழுசா இரும்புச் சக்கரத்தையே மாட்டுறது முழு கேஜ். ரப்பர் டயர் அப்படியே இருக்க, அதுக்கு வெளிப்பக்கம் ஒட்டினாப்போல மாட்டுறது அரை கேஜ். என்கிட்ட இருக்கிறது 24 ஹெச்.பி. மினி டிராக்டர், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதுக்கு அரை கேஜ்தான் போடுறேன். அரை கேஜ் டயரைவிடச் சுற்றளவு கொஞ்சம் கம்மி. கெட்டித் தரையில டயர் மேல நிக்கும், சேத்துல டயர் இறங்கினதும் இரும்பு வேலை செய்ய ஆரம்பிக்கும். முழு கேஜ் போடும்போது அளவு மாறிச்சுன்னா முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு கியர்பாக்ஸுக்குச் சேதம். நாலு சக்கர இழுவை வண்டியில முன்னாடிக்கும் பின்னாடிக்கும் ஒரு கணக்கு வச்சுத்தான் செஞ்சிருக்காங்க. அந்தக் கணக்கைப் பட்டறையில கெடுக்கக் கூடாது.

மாட்டும்போது இடது வலதும் பார்க்கணும். ஆங்கிள் சாய்வு மாறிப்போச்சுன்னா சேறு உதிராம உள்ளயே அடைச்சுக்கும். இன்னொண்ணு, கோடை உழவுக்கு எடை வேணும்னு டயருக்குள்ள தண்ணி நிரப்பி வச்சிருப்பாங்க. சேத்துக்கு இறங்குறதுக்கு முன்னாடி அதை எடுத்துடணும். காய்ஞ்ச மண்ணுல பிடிமானம் கொடுக்கிற அதே எடை, சேத்துல வண்டியைக் கீழ அமுக்கும்.

சேறடிக்கிறது எதுக்குன்னு நகரத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு வரி. குறுவை அறுத்த தாள் வயல்ல நிக்கும். அந்தத் தாள் அடியிலேயே அடுத்த நடவு போடுறதாலதான் அதுக்குத் தாளடின்னு பேரு. தாளை மடக்கி மண்ணுக்குள்ள புதைக்கணும், களையை அமுக்கணும், களிமண்ணைக் குழம்பாக் கலக்கணும். அப்படிக் கலக்கினாத்தான் அடியில இருக்கிற சந்து பொந்தெல்லாம் அடைஞ்சு தண்ணி நிக்கும். எங்க அப்பா காலத்துல ரெண்டு மூணு ஜோடி மாடு வரிசையா இறங்கும். ஒரு மாவுக்குக் காலையிலிருந்து மதியம் வரைக்கும் ஆகும். ஒரு மான்னா 33 சென்ட், மூணு மா ஒரு ஏக்கர்.

அப்படி வருஷா வருஷம் மிதிபட்டு மிதிபட்டு, அரை அடி முக்கால் அடி ஆழத்துல ஒரு கெட்டித் தளம் உருவாகியிருக்கும். மேல எவ்வளவு குழம்பா இருந்தாலும் காலு அதுல போய் நிக்கும். மாடு நின்னது அதுலதான், டிராக்டர் நிக்கிறதும் அதுலதான். அந்தத் தளம் உடைஞ்ச இடத்தைத்தான் நாங்க பொதைன்னு சொல்றோம். பழைய குட்டையைத் தூர்த்த இடம், போர் போடும்போது சேத்துக்குழி வெட்டின இடம், மண்ணெடுக்கப் பொக்லைன் இறங்கின இடம். கோடையில பெரிய டிராக்டரை விட்டு ரொம்ப ஆழமா உழுதுட்டாலும் அந்தத் தளம் கிழிஞ்சு போயிடும். மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. எல்லா இடமும் ஒரே தண்ணி, ஒரே பளபளப்பு.

நான் மினி டிராக்டர் வாங்கினதுக்குக் காரணமே இதுதான். பெரிய வண்டி ரெண்டு டன் இருக்கும். இது அதுல பாதி. என்கிட்ட இருக்கிறது 12 மா, அதாவது நாலு ஏக்கர். அதுக்கு இது போதும். பெரிய வண்டி வச்சிருக்கிறவங்க இதைப் பார்த்து "பொம்மை வண்டி"ம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும். தை மாசம் அறுப்புக்கு அவங்க வயலுக்கு டயர் மிஷின் இறங்காம, கூடுதல் வாடகை கொடுத்து பெல்ட் மிஷினைக் கூப்பிடும்போது பேச்சுக் குறையும்.

ரோட்டு விஷயத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா நீங்க ஊருக்குக் கார்ல வரும்போது திட்டிக்கிட்டே வர்றது எனக்குத் தெரியும். புதுசாப் போட்ட தார் ரோட்டுல வரிவரியா வெட்டு விழுந்திருக்கும். அது கேஜ் வீலோட ஓட்டிக்கிட்டுப் போன டிராக்டர் செஞ்ச வேலை. ஓட்டக் கூடாதுதான். பிடிச்சா அபராதம் போடுவாங்க. ஆனா வாடகை டிராக்டர்காரங்களுக்கு மணிக் கணக்கு. ஒவ்வொரு வயலுக்கும் கழட்டி மாட்டினா அரை மணி நேரம், ரெண்டு ஆள். அந்த அரை மணிக்கு யாரும் காசு கொடுக்கிறதில்ல. அதனால விடியக்காலையில ஆள் நடமாட்டம் இல்லாதப்போ ஓட்டிட்டுப் போயிடுறாங்க. நான் அதை நியாயம்னு சொல்லல. அந்த ரோட்டுலதான் என் வீட்டுக்காரி சைக்கிள்ல பால் கொண்டு போறா. நாங்க கேஜைக் கழட்டி டிரெய்லர்ல போட்டு வயல் முனைக்குக் கொண்டு போய் அங்கதான் மாட்டுறோம். ஒரு இடத்துல மட்டும் ரோட்டைக் குறுக்கே தாண்டணும். அங்க பழைய டயர்த் துண்டையும் வைக்கோலையும் பரப்பி அது மேல ஏத்திக் கொண்டு போயிடுவோம்.

இது வரைக்கும் சொன்னது வண்டி எப்படி நகருதுங்கிறது. நகராதப்போ என்ன ஆகுதுன்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நாலஞ்சு வருஷம் இருக்கும். பக்கத்து ஊர்ல ஒரு டிரைவர் பையன், 26 வயசு. வாடகை வண்டிக்கு ஓட்டிக்கிட்டிருந்தான். நல்ல கைக்காரன், எங்க வயலுக்கும் வந்திருக்கான். அன்னைக்குச் சேறடிக்கும்போது வாய்க்கால் ஓரமா வண்டி பதிஞ்சிடுச்சு. பின் சக்கரம் அச்சு வரைக்கும் உள்ள. அவன் வழக்கமா எல்லாரும் செய்றதைத்தான் செஞ்சான். ஒரு பனங்கட்டையைக் கொண்டாந்து ரெண்டு கேஜுக்கும் முன்னாடி குறுக்கே கொடுத்து, கம்பியால ஆங்கிள்ல கட்டி, கீழ் கியரைப் போட்டு கிளட்சை விட்டான். கட்டை மேல சக்கரம் ஏறி வெளிய வந்துடும்ங்கிறது கணக்கு. வண்டியோட மூஞ்சி மேல தூக்கிச்சு. கரையில நின்னவங்க "ஏய்"னு கத்துறதுக்குள்ள அப்படியே பின்பக்கமா மல்லாந்துடுச்சு. பையன் அடியில. அதுவும் சேத்துக்குள்ள.

சத்தம் கேட்டு ஓடினவங்கள்ல நானும் ஒருத்தன். 20 பேர் சேர்ந்தும் வண்டியைப் புரட்ட முடியல. இன்னொரு டிராக்டர் வர்ற வரைக்கும் கையால சேத்தை அள்ளி அள்ளிப் பார்த்தோம். அதுக்கு மேல நான் எழுத விரும்பல. கல்யாணமாகி ரெண்டு வருஷம், கைக்குழந்தை. வண்டி மூணாம் நாளே கழுவி வேலைக்குப் போயிடுச்சு. வேற வழியில்ல, நடவுக் காலம்.

அது ஏன் அப்படி ஆச்சுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். கும்பகோணத்துல டிராக்டர் மெக்கானிக்கா இருக்கிற என் மச்சான்தான் விளக்கினார். தோணியில நின்னுக்கிட்டுக் கழியைச் சேத்துல ஊன்றித் தள்ளுறோம். கழி சேத்துல மாட்டிக்கிட்டா அது நகராது. தோணிதான் நகரும். அதே மாதிரி, இன்ஜின் சக்கரத்தைச் சுத்தப் பார்க்குது. சக்கரம் சுத்த முடியாம இறுகிப் போச்சுன்னா அந்த விசை எங்கயாவது போயாகணும். சக்கரம் சுத்தலேன்னா, அந்த அச்சை மையமா வச்சு வண்டியோட உடம்பு சுத்தும். முன்பக்கம் மேல எழும்பும். கீழ் கியர்ல விசை ஜாஸ்தி, அதனால இன்னும் சீக்கிரம் எழும்பும். முழுசாப் புரள ஒண்ணரை விநாடி. அதுல பாதி நேரத்துலயே திரும்ப முடியாத கட்டத்தைத் தாண்டிடும். மூஞ்சி தூக்குதுன்னு மனுஷன் உணர்ந்து, காலு கிளட்சுக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

இதுல கேஜ் வீலுக்கு என்ன பங்குன்னா, ரப்பர் டயரா இருந்தா வழுக்கி வெறுமனே சுத்தும். வண்டி நகராது, ஆனா அவ்வளவு சுலபமாப் புரளாது. சுத்துற சத்தத்துலயே "போதும் நிறுத்து"ன்னு ஒரு எச்சரிக்கை இருக்கு. இரும்பு வழுக்காது. பிடிக்கும். பிடிக்கிறதுக்குத்தானே அதை மாட்டுறோம். அது மேல ஒரு கட்டையையும் கட்டிட்டா சக்கரத்துக்குச் சுத்தவே இடமில்ல. அந்தச் சங்கிலி கட்டின டிராக்டர்காரருக்கும் சரிவுல இதே கதைதான்னு அக்கா மகன்கிட்ட சொன்னேன். பிடிமானம் கூடக் கூட வழுக்கித் தப்பிக்கிற வாய்ப்பு குறையுது.

இப்போ ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வயல்ல நடந்தது. ஐப்பசி பாதி தாண்டியாச்சு. நாத்து ஆடுதுறை 39, நாத்தங்கால்ல 30 நாள் ஆயிடுச்சு. அதுக்கு மேல வச்சிருந்தா தூர் கட்டாது. நாத்து மழைக்காகக் காத்திருக்காது, நமக்காகவும் காத்திருக்காது. 14 நடவு ஆளுங்களை மறுநாள் காலையில வரச் சொல்லியிருந்தோம். ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு விவசாயம் பண்றவங்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் அந்த அக்கா வீட்டு வாசல்ல போய் நின்னு வாங்கின தேதி. நாத்துப் பறிச்சு, கட்டிக் கரையில வச்சாச்சு. வடக்க வானம் கறுத்துக்கிட்டு வருது.

வண்டி ஓட்டினது அண்ணன் மகன். 23 வயசு. ஐ.டி.ஐ. படிச்சிட்டு, கம்பெனி வேலை பிடிக்கலன்னு ஊருக்கு வந்தவன். சாயங்காலம் அஞ்சரை மணி. கடைசி ரெண்டு மாவுல, கிழக்கு மூலையில வண்டி பதிஞ்சிடுச்சு. எங்க தாத்தா காலத்துல அங்க ஒரு சின்னக் குட்டை இருந்து, தூர்த்துட்டாங்கன்னு அப்பா சொல்லுவார். முந்தின வருஷம் அந்த இடத்துல ஒண்ணும் ஆகல. இந்தத் தடவை தொடர்ந்து நாலு நாள் மழை பெஞ்சு ஊறியிருந்தது. இடது கேஜ் முழுசா உள்ள போயிடுச்சு, ரொட்டவேட்டரும் பதிஞ்சிடுச்சு.

முதல்ல அவன் சரியாத்தான் செஞ்சான். ரொட்டவேட்டரைத் தூக்கினான், வந்த வழியிலேயே பின்னாடி எடுத்துப் பார்த்தான். பின் கியர்ல போகும்போது வண்டி மல்லாக்காது, மூஞ்சி கீழதான் அமுங்கும். ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுத்துறதுக்கு டிஃபரன்ஷியல் லாக்கையும் மிதிச்சான். கொஞ்சம் அசைஞ்சுது, அப்புறம் இன்னும் ஆழமாப் போச்சு. அப்புறம்தான் கரையில கிடந்த தென்னங்கட்டையைப் பார்த்தான்.

"சித்தப்பா, ஒரே ஒரு தடவை. கட்டையைக் கொடுத்து முன்னாடி எடுத்துடுறேன். முன்னால அஞ்சடியில கெட்டி இருக்கு. ஏறிடும்."

நான் வேண்டாம்னேன்.

"நாளைக்கு ஆளு வருது சித்தப்பா. நாத்து கிடக்கு. மழை வந்தா தண்ணி ஏறி இன்ஜினுக்குள்ள போயிடும்."

அவன் சொன்னதுல எதுவும் பொய்யில்ல. அதுதான் அந்த நேரத்துல கஷ்டம். கரையில நின்ன ரெண்டு பேர், "பையன் கெட்டிக்காரன்யா, எடுத்துடுவான், விடுங்க"ன்னாங்க. எனக்கு அந்த 26 வயசுப் பையனோட கால் செருப்பு ஞாபகம் வந்துச்சு. சேத்துல ஒண்ணு மட்டும் மிதந்துக்கிட்டிருந்தது. "சாவியை எடுத்துட்டுக் கீழ இறங்கு"ன்னேன். அவன் இறங்கல. "இறங்குடா"ன்னு கத்தினேன். என் வாழ்நாள்ல அந்தப் பிள்ளைகிட்ட நான் அப்படிக் கத்தினதில்ல. சாவியை என் கையில திணிச்சிட்டு, வரப்பு மேல திரும்பிப் பார்க்காமப் போயிட்டான்.

அன்னைக்கு ராத்திரி மழை அடிச்சு ஊத்துச்சு. தூக்கம் வரல. ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். தண்ணி அச்சுக்கு மேல நிக்குது. வாங்கின கடன்ல இன்னும் மூணு வருஷத் தவணை பாக்கி இருக்கிற வண்டி. மடையைத் திறந்து விட்டுட்டு, பேட்டரி வயரைக் கழட்டி விட்டுட்டு வந்தேன். வேற ஒண்ணும் செய்யறதுக்கு இல்ல.

காலையில நடவு ஆளுங்க வந்தாங்க. சேறடிச்சு முடிச்ச மாவையெல்லாம் நட்டுட்டாங்க. கடைசி ரெண்டு மாவை விட்டுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் அவங்களுக்கு வேற ஊர்ல வேலை. வண்டியை எடுக்க மதியம் ஆச்சு. முதல்ல ரொட்டவேட்டரைக் கழட்டினோம். ரெண்டு சக்கரத்துக்கும் பின்பக்கம் மம்பட்டியால சரிவா வெட்டினோம், அதுலதான் நேரம் ஜாஸ்தி போச்சு. வெட்டின பள்ளத்துல வைக்கோலும் மட்டையும் அடைச்சோம். அப்புறம் ஒரு பெரிய டிராக்டரை வரப்புக்கு அப்பால களத்து மேட்டுல கெட்டித் தரையில நிறுத்தி, நீள இரும்புக் கயிறு போட்டுப் பின்பக்கமா இழுத்தோம். கயிறைக் கீழ, இழுவைக் கம்பியிலதான் கட்டணும். மேல கட்டினா இழுக்கும்போது வண்டி புரளும். கயிறு விரைப்பா இருக்கும்போது பக்கத்துல ஒரு ஆள் நிக்கக் கூடாது. அறுந்து வந்துச்சுன்னா அரிவாள் மாதிரிதான். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைங்களை விரட்டுறதுக்கே ரெண்டு பேர் வேணும்.

அண்ணன் மகன் வந்தான். பேசல. ஆனா மம்பட்டி பிடிச்சதுல பாதி அவன்தான்.

விட்டுப்போன ரெண்டு மாவை நாலு நாள் கழிச்சு, ஆள் கிடைக்காம, வீட்டு ஆளுங்களும் அக்கம்பக்கமும் சேர்ந்து நட்டோம். பொங்கலுக்கு அப்புறம் அறுக்கும்போது அந்த ரெண்டு மா மட்டும் மெலிவாத்தான் இருந்தது. மத்த மாவைவிட ரெண்டு ரெண்டு மூட்டை கம்மி. இழுத்த டிராக்டருக்குக் கூலி, இன்ஜின் ஆயில் மாத்தின செலவு தனி. ஊர்ல ரெண்டு பேர் இன்னமும் சொல்லுவாங்க, அன்னைக்கு விட்டிருந்தா பையன் எடுத்திருப்பான்னு. எடுத்திருக்கலாம். பத்துல ஒன்பது தடவை எடுத்துடுறாங்க. அதனாலதான் எல்லாரும் கட்டையைத் தேடுறாங்க.

இப்போ நாங்க செய்ற முறை வேற. வண்டி இறங்குறதுக்கு முந்தின நாள் வெறுங்காலோட வயலை நடந்து பார்க்கிறோம். கையில ஒரு மூங்கில் கம்பு. முழங்காலுக்கு மேல போற இடத்துல பூவரசங்குச்சி நட்டு, மேல சிவப்புத் துணி. நடவு அக்காக்கள்கிட்ட கேட்டாலே சொல்லிடுவாங்க, எந்த வயல்ல எந்த மூலையில பொதைன்னு. வருஷா வருஷம் அவங்க காலுதானே அதுல போகுது. அவங்ககிட்ட யாரும் கேட்கிறதில்ல. வாடகை வண்டிக்காரங்க ஒருத்தராவது கேட்டு நான் பார்த்ததில்ல.

உயரமான வரப்பைத் தாண்டி வயலை விட்டு ஏறும்போது வரப்பை வெட்டிச் சரிவு பண்ணி, பின் கியர்லதான் ஏத்துறது. முன்னாடி பம்பர்ல எடை கட்டியிருக்கோம். வண்டியோட வந்த பாதுகாப்பு வளைவுக் கம்பி, சீட்டுக்குப் பின்னாடி இருக்குமே, அதைத் தென்னை மட்டையில இடிக்குதுன்னு நிறையப் பேர் மடக்கிப் போட்டுடுறாங்க. கழட்டிப் பழைய இரும்புக் கடையில போட்டவங்களும் உண்டு. அது நிமிர்ந்து நின்னு, பெல்ட்டும் போட்டிருந்தா வண்டி முழுசா மல்லாந்தாலும் ஆள் பிழைக்க வழி இருக்கு. கம்பி இல்லாத வண்டியில பெல்ட் போடக் கூடாது, அது வேற ஆபத்து. பெல்ட் விஷயத்துல அண்ணன் மகன் இன்னும் முகம் சுளிக்கிறான். சேத்துல பெல்ட்டா, ஊர் சிரிக்கும்ங்கிறான். ஆனா போட்டுக்கிறான், நான் கரையில நிக்கிற வரைக்கும்.

போன வருஷம் பக்கத்து வயல்ல ஒரு வண்டி பதிஞ்சப்போ அவன்தான் முதல்ல போய் டிரைவரைக் கீழ இறக்கினான். அந்த டிரைவர் இவனைவிட மூத்தவர். "தம்பி, 20 வருஷமா ஓட்டுறேன்"னு கோவிச்சுக்கிட்டார். இவன் பதில் பேசாம கட்டையைத் தூக்கி வாய்க்கால்ல போட்டுட்டு வந்துட்டான். அவங்க வீட்டுல எங்க மேல இன்னும் வருத்தம் இருக்கு.

பட்டறையிலிருந்து இப்போதான் போன் வந்துச்சு. மூணு ஆங்கிள் வளைஞ்சிருந்ததை மாத்தியாச்சாம், போல்ட் ஓட்டையும் தேய்ஞ்சிருக்குன்னு பட்டி வச்சு வெல்டு பண்ணியிருக்காராம். நாளைக்குக் காலையில எடுத்துட்டு வரணும். கிழக்கு மூலைக்கு இந்த வருஷமும் வண்டி இறங்காது. அந்த 20 குழி இடத்தை ரெண்டு ஆளை வச்சு மம்பட்டியால கொத்தி, கால்ல மிதிச்சுத்தான் தாளைப் புதைக்கப் போறோம். ஒரு நாள் கூலி ஆகும். சிவப்புத் துணி பழசாப் போச்சு, வீட்டுக்காரிகிட்ட ஒரு பழைய சேலை கேட்டிருக்கேன்.